உப்புக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

"இந்தி பேசும் நோயாளி வந்தால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். மனநலப் பிரிவில் இது ஆபத்து" என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுவே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி: ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். அப்பாவின் நச்சரிப்பில் இந்திப் பிரசார சபா பரீட்சைகளை வரிசையாக எழுதித் தொலைத்தேன். சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

வாசகர், திருப்பூர்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களிடம் வேலை செய்யும் பீகார் பையன் ஒருவன் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தனியாக உட்கார்ந்து அழுகிறான். எனக்குக் கொஞ்சம் இந்தி வரும் என்பதால் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கேளுங்கள்" என்றார் டாக்டர். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயம் வேறு. அவனிடம் கேட்காமலே "இல்லையாம் சார்" என்று சொல்லிவிட்டேன். தப்புப் பண்ணிவிட்டேனா?

பதில்: ஆமாம் தம்பி, தப்புதான். ஆனால் இதே தப்பை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அச்சுக்கு வரும்வரை வைத்திருக்க முடியாது என்பதால் அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களும் அன்று மாலையே அவனை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனீர்கள். போனில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது உண்மையில்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, ஒருவர் நேராகக் கேட்டுவிட்டால் பாரம் இறங்கும். சுற்றி வளைக்க வேண்டாம். "ஜீனே கா மன் நஹீன் கர்தா?" (வாழப் பிடிக்கவில்லையா?) என்று ஆரம்பித்து, "மர்னே கா க்யால் ஆதா ஹை?" (சாகும் எண்ணம் வருகிறதா?) என்று கேட்டுவிடலாம். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடக்கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பலர் ஒளிக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இது எண்ணம் மட்டும்தான், முயற்சிகூட இல்லை. பிறகென்ன பயம்?

ராத்திரி நேரமாக இருந்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கினார்கள். இருபது மொழிகளில், 24 மணி நேரமும், காசில்லாமல் பேசலாம். இந்தியைத் தேர்ந்தெடுத்து, போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். போனில் நான் இதைச் சொன்னபோது உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது தெரியும். நல்ல மனசோடுதான் கூட இருந்தீர்கள். ஆனால் அவனுக்கு லீவு கொடுப்பதும் ஓவர்டைம் போடுவதும் நீங்கள். உங்கள் வாய் வழியாக அவன் எதைச் சொல்வான்?

இன்னொன்று. "கம்ஜோரி" என்றானாம், "உடம்பு வீக்காக இருக்கிறதாம்" என்று சொன்னீர்களாம், டாக்டர் சத்து மாத்திரை எழுதினாராம். வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனால் இந்தி பேசும் ஊர்களிலிருந்து வரும் இளவட்டப் பையன்கள் கம்ஜோரி என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டால், அதற்குக் கீழே வேறு ஒரு கவலை இருக்கலாம். விந்து வீணாகிறது, உடம்பு உருகுகிறது என்ற பயம். டாக்டர் விக் என்ற மனநல மருத்துவர் 1960இலேயே இதற்கு 'தாத்' என்று பெயர் வைத்தார். நம் 'தாது'தான் அது. "வாலிப வயோதிக அன்பர்களே" என்று லாட்ஜ் வைத்தியர்கள் நம்மை மிரட்டிக் காசு பார்த்ததும் இதே பயத்தை வைத்துத்தான். உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு என்ன என்பது அவனுக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்கட்டும். கம்ஜோரி என்ற சொல்லைக் கம்ஜோரி என்றே டாக்டரிடம் கொடுத்திருந்தால், "அப்படியென்றால் என்ன, அவனையே சொல்லச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டிருக்கக்கூடும். அவ்வளவுதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்போதைய தெலங்கானாவின் பாலமூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு மனிதர். தூக்கம் இல்லை என்று வந்தார். டாக்டர் என்னைக் கேட்கச் சொன்னது உங்களிடம் கேட்கச் சொன்ன அதே கேள்வியை. நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து "எந்துக்கு பதகாலம்மா?" என்றார். எதற்கம்மா வாழணும்? நான் டாக்டர் பக்கம் திரும்பி, "வாழ்க்கையில் கொஞ்சம் வெறுப்பாக இருக்கிறாராம்" என்றேன். நல்ல பத்திரிகைத் தமிழ். டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார், அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதரை அவசரப் பிரிவில் பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் ஒரு தகவலாக மாற்றி, 'கொஞ்சம்' என்ற சொல்லை என் கையிலிருந்து போட்டுக் கொடுத்திருந்தேன்.

வாசகர், கோயம்புத்தூர்

கேள்வி: இப்போது செல்போனே எல்லா மொழியையும் மொழிபெயர்க்கிறதே. இன்னுமா இரண்டு மொழி தெரிந்த ஆளைத் தேட வேண்டும்?

பதில்: வழி கேட்க, வாடகை பேச, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்ல, செல்போன் நன்றாகவே உதவுகிறது. நானும் வைத்திருக்கிறேன்.

2023 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, நினைவிருக்கும். அந்த வாரம் ஒரு தொழிலாளர் விடுதியிலிருந்து எனக்கு அழைப்பு. ஒரு பையன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வர மறுக்கிறான், "என்னைக் கொல்ல வருகிறார்கள்" என்கிறான். அந்த வாக்கியத்தைப் போனில் போட்டால் பிசகில்லாமல் தமிழாக்கிக் கொடுக்கும். அந்தத் தமிழைப் படிக்கும் டாக்டர் சந்தேக நோய் என்று எழுதவும் வாய்ப்புண்டு. நான் போய் உட்கார்ந்து, "யார் சொன்னது?" என்று கேட்டேன். தன் போனை எடுத்துக் காட்டினான். அவன் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பிய வீடியோ. கீழே அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் "வந்துவிடு" என்று அழுத குரல் பதிவுகள். அந்த விடுதியில் அன்றைக்குத் தூங்கியவர்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவனுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. பொய்யென்று காவல்துறை சொன்னதை இந்தியில் படித்துக் காட்டி, அம்மாவோடு வீடியோவில் பேச வைத்து, எதிர் டீக்கடைக்காரரை அழைத்து வந்து கை குலுக்க வைத்தோம். இரண்டு நாள் ஆயிற்று.

வாசகி, லண்டன்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். ஒரு வருடமாகச் சரியான சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை. டொக்டரிடம் போன அன்று எனக்கு வேலை. என் 11 வயது மகன்தான் கூடப் போனான். "ஒரே யோசனையாக் கிடக்கு" என்று அம்மா சொன்னதை அவன் "பாட்டி எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். மூளைக்கு அது நல்லது என்று டொக்டர் சிரித்தாராம். இனி என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் மேல் ஒரு குறையும் இல்லை, அம்மா. நல்ல பிள்ளை. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு யோசனை என்றால் சிந்தனைதான். சென்னையில் வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் "யோசிக்காதேங்கோ" என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம் என்பதை நானே வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கேஸ் ஷீட்டில் "தனக்கு அடிக்கடி சக்தி வருவதாகக் கூறுகிறார்" என்று எழுதியிருந்தது. அம்மன் அருள் வருகிறது என்று எங்கள் நர்ஸ் புரிந்துகொண்டிருக்கிறார். பாவம், அந்தப் பெண் "சத்தி வருது" என்றிருக்கிறார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாந்தி! மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பேசியது தமிழ்தான்.

சரி, உங்கள் விஷயம். பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் ஏற்பாடு செய்து தர வேண்டும். அவசரச் சிகிச்சை தவிர மற்றபடி 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்களுடைய வழிகாட்டுதலே. நேரம் பதிவு செய்யும்போதே கேளுங்கள். வெறும் தமிழ் என்று சொல்லாதீர்கள். "இலங்கைத் தமிழ் பேசும் பெண்" என்று சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தவர், கோயிலில் பார்க்கிறவர் வந்துவிடுவாரோ என்ற தயக்கம் இருந்தால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு கேளுங்கள். வேறு ஊரில் இருப்பவர் பேசுவார், முகம் தெரியாது. சின்னச் சமூகத்தில் இது பெரிய நிம்மதி. இரட்டை நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை பேசப்படுமல்லவா.

நீங்களும் அந்த அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் இருங்கள். 1995இல் யாழ்ப்பாணமே இரவோடிரவாக நடந்து போனபோது அம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருந்திருக்கும். அந்த வழியில் என்ன பார்த்தார் என்பதைப் பேரனுக்குத் தெரியாமல் இத்தனை நாள் காத்து வைத்திருக்கலாம். உங்களுக்கும்தான்.

மாணவி, மதுரை

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். மனநலப் பிரிவில் வேலை செய்ய ஆசை. மூன்று மொழி தெரிந்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் படிப்பு. 2017 சட்டத்தின்படி மனநல சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் அந்தத் துறையில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும். அந்தப் படிப்புக்கு இப்போது சேர்க்கை எப்படி என்று விசாரித்துக்கொண்டு, பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களுக்கு முயற்சி செய்யுங்கள். அங்கே வார்டில் ஒரே நாளில் நான்கைந்து மொழி காதில் விழும்.

அப்புறம் மொழி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சபா பரீட்சைக்குப் படித்த திமிரில், ஒரு நோயாளியிடம் மனச்சோர்வுக்கு உள்ள சுத்தமான இந்திச் சொல்லான 'அவசாத்' இருக்கிறதா என்று கேட்டேன். பீகாரின் சாப்ராவிலிருந்து வந்த லாரி க்ளீனர் அவர். அது ஏதோ ஊசியின் பெயர் என்று நினைத்து, "நேத்துதான் போட்டாங்க" என்றார். அவர் மொழியில் அது "மன் நஹீன் லக்தா". மனசு எதிலும் ஒட்டவில்லை. நம்மில் மட்டும் யார் வீட்டில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். நோயாளிகள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே எழுதுவது. தெலுங்கு என் தாய்மொழி, அதிலேயே பத்துப் பக்கம் ஓடியது. 'பெங்க' என்று ஒரு சொல் உண்டு. ஹாஸ்டலில் விட்ட குழந்தை அம்மாவை நினைத்துச் சோறு இறங்காமல் காய்ச்சலில் படுக்குமே, அது. நம் 'ஏக்கம் பிடிச்சிருக்கு' அதற்குப் பக்கத்தில் வரும். "பெங்க பெட்டுக்குன்னாடு" என்று ஒரு அம்மா சொன்னதை ஹோம்சிக் என்று எழுதினால் பாதிதான் வருகிறது. காய்ச்சல் விட்டுப்போகிறது.

கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980 வாக்கில் டாக்டர்களுக்கு எட்டுக் கேள்விகள் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று, உங்கள் பிரச்சினைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது. 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இந்த வகையில் பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலே சேர்த்தார்கள். வகுப்பில் சொல்லித் தருவார்கள், மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, பயத்துக்கு, துக்கத்துக்கு, நெஞ்சு படபடப்புக்கு, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவதற்கு சௌராஷ்டிரத்தில் என்னென்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது நிறைய வரும். பந்தயம் கட்டுகிறேன்.

வாசகர், சேலம் மாவட்டம்

கேள்வி: ஆடி மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் பத்துப் பேருக்காவது சாமி வரும். வெள்ளைக்காரன் புத்தகத்தைப் படித்துவிட்டு அத்தனை பேரையும் நோயாளி என்பீர்களா?

பதில்: அந்த வெள்ளைக்காரன் புத்தகமே அப்படிச் சொல்லவில்லை ஐயா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேச நிலை என்று ஒன்று உண்டு. அதன் விளக்கத்திலேயே, மதச் சடங்கில், ஊர் ஏற்றுக்கொண்ட சூழலில் வருவது இதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது சாதாரணக் கேள்விகள். பம்பை நின்றதும் சாமி மலையேறியதா? மறுநாள் அந்த அம்மா நாற்று நடப் போனாரா? அல்லது பம்பையும் இல்லாமல் உடுக்கையும் இல்லாமல் ராத்திரி மூன்று மணிக்கு அடுப்படியில் வருகிறதா? வந்து, பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொல்கிறதா? இதில் எனக்கு அதிகம் சொல்லித் தந்தவர்கள் பூசாரிகள். "இது நம்ம சாமி இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று அவர்களே அனுப்பி வைத்தவர்கள் பல பேர்.

நான் சண்டை போடுவது சங்கிலியோடு மட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டி வைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று இன்று சட்டமே இருக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பிற்பாடு துவாவும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு.

வாசகி, ஓசூர்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் கவுன்சலர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் வரும். அதனால் எல்லாப் பிரிவிலும் என்னையே கூப்பிடுகிறார்கள். என் வேலை கிடக்கிறது. வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடம்கூடப் பேசப் பிடிப்பதில்லை.

பதில்: நான்கு மொழி தெரிந்தவருக்கு நான்கு மடங்கு வேலையும் ஒரு மடங்கு சம்பளமும் என்பது நம் தொழிலின் பழைய கணக்கு. ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். எந்தத் தேதி, எந்தப் பிரிவு, எத்தனை நிமிடம். மாதக் கடைசியில் கூட்டி நிர்வாகத்திடம் கொடுங்கள். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது சார்" என்பதைவிட "முப்பத்தேழு மணி நேரம் சார்" என்பது நன்றாகக் கேட்கும். சட்டமும் உங்கள் பக்கம். தனக்குப் புரியும் மொழியில் விவரம் பெறுவது மனநோயாளியின் சட்டப்படியான உரிமை. அது உங்கள் தனிப்பட்ட நல்ல குணத்தில் நடக்க வேண்டிய காரியம் இல்லை.

பேசப் பிடிக்காமல் போவது பற்றி. முறையாக மொழிபெயர்ப்பவர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை, "நான்" என்றே சொல்வார். என் புருஷன் என்னை அடித்தான், என் குழந்தை செத்துப்போனது, நான் சாகணும். ஒரு நாளில் எட்டுப் பேருடைய 'நான்' நம் வாயிலிருந்து வெளியே வருகிறது. உடம்பு அதை நாடகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் பத்து நிமிடம் டாக்டரோடு பேச நேரம் கேளுங்கள். பின்னால் கேட்பது உங்களுக்காக. கொடுக்கவில்லை என்றால் சண்டை போட்டு வாங்குங்கள். நான் 29சி பஸ்ஸில் உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு, "ஏம் கூர?" என்று கேட்பேன். என்ன குழம்பு? அவ்வளவுதான். என் சொந்த வாக்கியம் ஒன்றை அன்றைக்கு முதன்முதலாகப் பேசின மாதிரி இருக்கும்.

வாசகர், சென்னை

கேள்வி: எங்கள் தெரு முனையில் ஒரு பெண் பல நாளாக உட்கார்ந்திருக்கிறார். அழுக்குத் துணி, கையில் ஒரு மூட்டை. என்ன கேட்டாலும் பேசுவதில்லை. இப்படிப்பட்டவர்களின் ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தெருவில் இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது போலீஸின் கடமை, அதே 2017 மனநலச் சட்டத்தின் நூறாவது பிரிவு. சென்னையில் 1993இலிருந்தே 'பானியன்' என்ற தொண்டு அமைப்பு இந்தப் பெண்களுக்காக இருக்கிறது. மும்பைப் பக்கம் கர்ஜத்தில் டாக்டர் பரத் வாட்வானி ஆயிரக்கணக்கானவர்களைக் குணப்படுத்தி ஊரில் சேர்த்து, அதற்காக 2018இல் மகசேசே விருது வாங்கினார். அதனால் நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம்.

எப்படி என்று கேட்டீர்கள். ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ரயில் நிலையத்தில் கண்டெடுத்துக் காப்பகத்துக்கு அழைத்து வந்தார்கள். சேர்க்கைத் தாளில் "வாய் பேச இயலாதவர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு "இந்தி" என்று இன்னொருவர். நான் இந்தியில் கேட்டேன், வங்காளம் தெரிந்த தோழி வங்காளத்தில் கேட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தில் தூக்கம் வந்தது, மிரட்சி குறைந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. இட்லி வைத்தால் தள்ளிவிடுவார். சாம்பார் சாதத்தில் சாம்பார் படாத இடத்தை மட்டும் பொறுக்கித் தின்பார்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில், சமையல்கார அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய சோற்றுக் குண்டானின் எதிரில் போய் இவர் உட்கார்ந்துவிட்டார். சமையல்கார அம்மா சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, "லுணா" என்றாராம். என்ன லூனா, மொபெட்டா என்று வேடிக்கையாக என்னிடம் வந்து சொன்னார்கள்.

உப்புக்கு இந்தியில் நமக், போஜ்புரியில் நூன், மராத்தியில் மீட், எங்களுக்கு உப்பு. லுண என்றால் ஒடியா. அவர்களுக்கும் பழைய சோறு உயிர். பகாள என்பார்கள். எனக்கு ஒடியாவில் அந்த நோட்டில் இருந்த பத்துச் சொல்தான் தெரியும். ஆனால் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பக்கம் தெலுங்கும் புழங்கும், ஆந்திர எல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில், "பச்சை மிளகாய் வேண்டாமா?" என்று கேட்டேன். ஊர் பெயர், புருஷன் பெயர் எதையும் கேட்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்து, சரளமான தெலுங்கில், "வெங்காயமும் வேண்டும்" என்றார்.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. நாலு நாள் சாப்பாடு மட்டுமே பேசினோம். ஐந்தாம் நாள், உங்கள் அம்மன் யார் என்று கேட்டேன். தாரா தாரிணி என்றார். கோயில் மலை மேல், கீழே ஆறு, சைத்ர மாதச் (நம் பங்குனி வாக்கில்) செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து மலை தெரியும் என்றார். போதாதா? கஞ்சத்தில் ருஷிகுல்யா ஆற்றங்கரைக் குன்று அது. அங்குள்ள காவல் நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டோம். மூன்றாவது நிலையத்தில் ஒரு ஏட்டு, காணவில்லை என்று பதிவான பழைய புகார் ஒன்றைத் தேடி எடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்தையது. தம்பி கோரமண்டல் ரயிலில் வந்தார். வரும்போதே ஒரு தூக்கில் பகாள. வழியிலேயே புளித்து ஊசிப்போயிருந்தது. அந்த அம்மா அதையும் குடிக்கப் பார்த்தார், நாங்கள் பிடுங்கிக் கொட்ட வேண்டியதாயிற்று.

உங்கள் தெருமுனைப் பெண்ணிடம் இன்று போய் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே நூறு பேர் கேட்டிருப்பார்கள். எட்டடி தள்ளி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வாருங்கள். நாளைக்கும். பெண் யாராவது போனால் நல்லது. காவல் நிலையத்துக்குச் சொல்வதை மட்டும் இன்றைக்கே.

வாசகர், தஞ்சாவூர்

கேள்வி: இத்தனை மொழி பேசும் நீங்கள் எந்த மொழியில் கனவு காண்பீர்கள்?

பதில்: தெரியவில்லை, விழிப்பதற்குள் மறந்துவிடுகிறது. ஆனால் போன வருடம் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் நேரத்தில், பச்சை அங்கி போட்ட நர்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை?" என்று சுத்தமான சபா இந்தியில் விசாரித்திருக்கிறேன். அந்தப் பெண் நாகர்கோவில். மலையாளம் தெரியும், இந்தி தெரியாது. "பாட்டி திட்டறாங்க" என்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.